பொருந்துகிறது, ஆனால் ஓடவில்லை! பழைய கம்ப்யூட்டர் போர்டு வாங்குவோர் கவனத்துக்கு

கம்ப்யூட்டரில் ஒரு சாமான் கெட்டுவிட்டது. வேறொன்று வாங்கி வருகிறீர்கள். அது உரிய இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஸ்விட்சைப் போடுகிறீர்கள். உள்ளே விசிறி சுற்றுகிறது. ஆனால் திரை இருட்டாகவே இருக்கிறது!

வாங்கி வந்தது நல்ல சாமான். கம்ப்யூட்டரின் போர்டும் நல்ல போர்டு. பிறகு ஏன் ஓடவில்லை?

போர்டின் மேல் "சிப்செட்" என்று ஒரு சில்லு இருக்கிறது. புதிதாக வந்த சாமானை அந்தச் சில்லுக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பலர். அந்தச் சில்லைத் தயாரிக்கும் உலகப் பெரிய கம்பெனியே இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நரிக்குடியும் அருப்புக்கோட்டையும்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது நரிக்குடி. வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் நின்றால் நெல். நிற்காவிட்டால் மிளகாய், பருத்தி, சிறுதானியம். மழை பொய்த்தால் அதுவும் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கியதாக இருக்கும். புதிது வாங்க வசதி இல்லாதவர்கள் பழையதை வாங்குவார்கள். அது கெட்டால் தூக்கிப் போட மனம் வராது. ஏதாவது ஒரு சாமானை மாற்றிப் பார்க்கத்தான் தோன்றும்.

பழைய போர்டுக்கு ஏற்ற சாமான் சிற்றூரில் கிடைப்பது அரிது. திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். அங்கும் இல்லாவிட்டால் மதுரைக்கு. தப்பான சாமானை வாங்கி வந்துவிட்டால் மறுபடியும் பஸ். மறுபடியும் ஒரு நாள் வேலை கெடும். "பழைய சாமானைத் திருப்பி வாங்க மாட்டோம்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் பணமும் போச்சு!

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் சரிப்படாவிட்டால் நாலு எட்டு வைத்து அடுத்த கடைக்குப் போகலாம். நரிக்குடிக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, அவர் பஸ் ஏறுமுன்பே விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிப்செட் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய பலகை தெரியும். அதுதான் மதர்போர்டு. கடைக்காரர்கள் சுருக்கமாக "போர்டு" என்பார்கள்.

கணக்குப் போடும் மூளை, பிராசஸர். வேலை நடக்கும்போது விஷயங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம், ரேம். நிரந்தரமாகச் சேமித்து வைக்கும் இடம், ஹார்டு டிஸ்க். இவை எல்லாம் போர்டில் செருகப்படுகின்றன.

ஆனால் இவை ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்வதில்லை. பழைய போர்டுகளில் நடுவே இரண்டு சில்லுகள் இருக்கும். ஒன்று, பிராசஸருக்குப் பக்கத்தில் இருப்பது. ரேமையும் படம் காட்டும் கார்டையும் பிராசஸரோடு இணைப்பது அதன் வேலை. இதை "நார்த் பிரிட்ஜ்" என்பார்கள். மற்றொன்று, ஹார்டு டிஸ்க், யு.எஸ்.பி., கீபோர்டு ஆகியவற்றைக் கவனிப்பது. இது "சவுத் பிரிட்ஜ்." இரண்டும் சேர்ந்ததுதான் சிப்செட்.

எந்த பிராசஸரை ஏற்பது, எந்த ரேமை ஏற்பது, எவ்வளவு ரேமை ஏற்பது என்பதை எல்லாம் இந்தச் சில்லுகளே தீர்மானித்தன. பிற்காலத்தில் ரேமைக் கவனிக்கும் வேலை பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. ஆனாலும் சிப்செட்டின் அதிகாரம் முழுவதும் போய்விடவில்லை.

இதை நரிக்குடிக்காரர்களுக்குச் சுலபமாக விளக்கலாம். விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்கு ரெயில் பாதை போகிறது. முன்பு அது மீட்டர் கேஜ் பாதை. 2013ஆம் ஆண்டில்தான் அகலப் பாதை ஆயிற்று. மீட்டர் கேஜ் இருந்த காலத்தில், அகலப் பாதை எஞ்சினைக் கொண்டுவந்து அதில் ஓட்டியிருக்க முடியுமா? முடியாது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். தண்டவாளமும் நல்லதுதான். அளவு வேறு!

ரெயில் விஷயத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தெரியாது. எல்லாம் சரியாகச் செருகிக்கொள்ளும். ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் குட்டு வெளிப்படும்.

பத்து லட்சம் போர்டுகள்

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி "440 பி.எக்ஸ்." என்ற சிப்செட்டை வெளியிட்டது. பென்டியம்-2 காலத்துச் சில்லு அது. அப்போது சாதாரணமாகக் கிடைத்த எஸ்.டி. ரேம் அதில் நன்றாக வேலை செய்தது. கம்ப்யூட்டர்கள் மக்கர் பண்ணாமல் ஓடின. ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மறு ஆண்டு, அதைவிடச் சிறந்தது என்று சொல்லி "820" என்ற சிப்செட்டை இன்டெல் கொண்டுவந்தது. இதற்கு "ராம்பஸ்" என்ற புதுவகை ரேம் வேண்டும். அதன் விலையோ மிக அதிகம். யாரும் வாங்க முன்வரவில்லை.

என்ன செய்வது? இன்டெல் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. பழைய மலிவு ரேமையே 820 போர்டில் போடலாம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லை வைத்துவிட்டால் போதும் என்றது. அப்படியே போர்டுகளும் விற்பனைக்கு வந்தன.

அந்த மொழிபெயர்ப்புச் சில்லு கோளாறு செய்தது! சில கம்ப்யூட்டர்கள் தாமாகவே நின்று மறுபடி தொடங்கின. சேமித்த விவரங்கள் கெடவும் வாய்ப்பு இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் இன்டெல் குறையை ஒப்புக்கொண்டது. அந்தச் சில்லு வைத்து விற்கப்பட்ட சுமார் பத்து லட்சம் போர்டுகளுக்கு மாற்று கொடுக்க முன்வந்தது.

பழைய 440 பி.எக்ஸ். போர்டு வைத்திருந்தவர்களோ நிம்மதியாக இருந்தார்கள். புதிது என்பதாலேயே எதுவும் உயர்ந்தது ஆகிவிடாது. எதற்கு எது ஒத்துப்போகும் என்பதுதான் கேள்வி.

அந்த நல்ல 440 பி.எக்ஸ். போர்டுக்கும் ஒரு குணம் உண்டு. 256 எம்.பி. ரேம் வாங்கிச் செருகினால், சில சமயம் "128 எம்.பி." என்று பாதியைத்தான் காட்டும். பலர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தார்கள். உண்மை என்ன? ரேம் பட்டையில் இருந்த சில்லுகள் அதிகக் கொள்ளளவு உடையவை. அவ்வளவு பெரிய சில்லைக் கணக்கிட அந்தச் சிப்செட்டுக்குத் தெரியாது. அதே 256 எம்.பி.யைச் சிறு சில்லுகள் பதினாறில் பிரித்துக் கொடுத்தால் முழுதாகக் காட்டும்.

ஒரே சாக்கெட், மூன்று தலைமுறை

பிராசஸர் உட்காரும் இடத்துக்கு "சாக்கெட்" என்று பெயர். 370 துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருந்தது. "சாக்கெட் 370" என்பது அதன் பெயர்.

1999ஆம் ஆண்டில் வந்த செலரான் அதில் உட்கார்ந்தது. பிறகு வந்த பென்டியம்-3 பிராசஸரும் அதே சாக்கெட்டில் உட்கார்ந்தது. 2001ஆம் ஆண்டில் "டுவாலட்டின்" என்ற புதுவகை பென்டியம்-3 வந்தது. அதற்கும் அதே 370 கால்கள்தான்!

ஆனால் முதல் தலைமுறைக்கான போர்டில் மூன்றாம் தலைமுறை பிராசஸர் ஓடாது. மின்சார அளவும் சில கால்களின் வேலையும் மாறியிருந்தன. இன்டெல் 815 சிப்செட்டில் முதலில் வந்தவை டுவாலட்டினை ஏற்கவில்லை. திருத்தி வெளியிட்ட 815 சிப்செட்தான் ஏற்றது. இரண்டுக்கும் பெயர் 815!

சாக்கெட்டை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். சிப்செட்டையும் அதன் திருத்தத்தையும் கேட்டு வாங்கியவர்கள் பிழைத்தார்கள்.

போர்டையே பொசுக்கிய கார்டு

அடுத்து பென்டியம்-4 காலம். நம் நாட்டில் வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் கம்ப்யூட்டர்கள் பெருகிய காலம் அது. இன்டெல் போர்டுகளும், "மெர்க்குரி" என்ற பெயரில் வந்த போர்டுகளும் நிறைய விற்றன. 845, 865, 915 என்ற எண்களைச் சொன்னால் பழைய மெக்கானிக்குகள் இன்றும் முகம் மலர்வார்கள்.

இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

845 சிப்செட் 2001ஆம் ஆண்டு வந்தது. முதலில் வந்த போர்டுகளில் பழைய எஸ்.டி. ரேம்தான் போட வேண்டும். 2002ஆம் ஆண்டு முதல் டி.டி.ஆர். ரேம் போடும் 845 போர்டுகளும் வந்தன. ஆகவே "845 போர்டுக்கு ரேம் கொடுங்கள்" என்று கேட்டால் போதாது.

865 சிப்செட் 2003ஆம் ஆண்டு வந்தது. டி.டி.ஆர். ரேம். மெல்லிய கேபிள் போடும் சாட்டா ஹார்டு டிஸ்க் இணைக்கவும் வழி இருந்தது.

915 சிப்செட் 2004ஆம் ஆண்டு வந்தது. ரேமில் டி.டி.ஆர்.2 வந்துவிட்டது. படம் காட்டும் கார்டுக்கு முன்பு இருந்த "ஏ.ஜி.பி." துளை போய், "பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்" துளை வந்தது. 865 போர்டில் போட்ட கார்டை இதில் போட முடியாது.

ஏ.ஜி.பி. கார்டில் ஓர் ஆபத்தும் இருந்தது. பழைய கார்டுகள் 3.3 வோல்ட்டில் ஓடின. 845 சிப்செட் ஏற்பது 1.5 வோல்ட். தப்பான கார்டு உள்ளே போகாதபடி துளையில் ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். ஆனால் சில மலிவுக் கார்டுகளில் வெட்டுகள் தாறுமாறாக இருந்தன. அவை உள்ளே நுழைந்துவிட்டன. மின்சாரம் பாய்ந்ததும் சிப்செட்டே பழுதாகும் ஆபத்து! கார்டைப் போட்டுப் பார்க்கப் போய், போர்டையே இழக்க நேரிடும்.

775 படுத்தும் பாடு

இன்று பழைய சாமான் சந்தையில் அதிகமாகக் குழப்பம் உண்டாக்குவது "எல்.ஜி.ஏ. 775" என்ற சாக்கெட். 2004ஆம் ஆண்டு வந்தது. பல ஆண்டுகள் நீடித்தது. பென்டியம்-4, பென்டியம்-டி, கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் எல்லாம் இதே சாக்கெட்டில்தான் உட்காரும்.

உட்காரும். ஓடுமா?

915 போர்டில் கோர் 2 டுவோ ஓடாது. 2005ஆம் ஆண்டு வந்த 945 சிப்செட் போர்டுகளில் சிலவற்றில் ஓடும், சிலவற்றில் ஓடாது. கோர் 2 டுவோ 2006ஆம் ஆண்டு ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பு தயாரான 945 போர்டுகள் பலவற்றில் அதற்கு ஏற்ற மின்சார அமைப்பு இல்லை. பின்னால் தயாரான 945 போர்டுகளில் உண்டு. ஆகவே, 945 என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. போர்டின் முழுப் பெயரையும் பார்க்க வேண்டும்.

2007ஆம் ஆண்டு வந்த ஜி.31 சிப்செட்டும், 2008ஆம் ஆண்டு வந்த ஜி.41 சிப்செட்டும் கோர் 2 டுவோவை நன்றாக ஏற்கும். ஆனால் அங்கேயும் ரேம் விஷயத்தில் கவனம் தேவை.

945 போர்டில் 4 ஜி.பி. ரேம் போட்டால், சுமார் 3 முதல் 3.5 ஜி.பி. வரைதான் பயன்படும். மீதி இடத்தின் முகவரிகளை மற்றச் சாமான்கள் எடுத்துக்கொள்கின்றன. அந்த ரேமை வேறு முகவரிக்கு மாற்றிக் கொடுக்கும் சாமர்த்தியம் 945க்கு இல்லை. 64 பிட் விண்டோஸ் போட்டாலும் பலன் இல்லை.

ஜி.31 போர்டு டி.டி.ஆர்.2 ரேமை ஏற்கும், 4 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. ஜி.41 போர்டில் இரண்டு ரகம் உண்டு. சிலவற்றில் டி.டி.ஆர்.2, சிலவற்றில் டி.டி.ஆர்.3. அதிகபட்சம் 8 ஜி.பி.

சில்லுகளை எண்ணுங்கள்!

இனிச் சொல்லப்போவது மிக முக்கியம். டி.டி.ஆர்.3 ஜி.41 போர்டு வைத்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

கடையில் 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம் பட்டை ஒன்று வாங்குகிறீர்கள். வேறு கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டியும் காட்டுகிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து ஜி.41 போர்டில் செருகினால், திரை வருவதில்லை. கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை.

ரேம் பட்டையில் கறுப்பாகச் சதுரம் சதுரமாக இருப்பவை சில்லுகள். அந்தப் பட்டையை இரண்டு பக்கமும் திருப்பி எண்ணிப் பாருங்கள். மொத்தம் 16 சில்லுகள் இருந்தால் ஜி.41 ஏற்கும். 8 சில்லுகளிலேயே 4 ஜி.பி. அடங்கியிருந்தால் ஏற்காது. ஒவ்வொரு சில்லும் அதற்குத் தெரிந்த அளவைவிட இரு மடங்கு பெரியது!

440 பி.எக்ஸ். விஷயத்தில் நடந்ததே இங்கேயும் நடக்கிறது. பத்து ஆண்டு கழித்து, வேறு சிப்செட்டில், அதே சிக்கல்.

எண்ணத் தெரிந்த சிறு பிள்ளைகூட இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு பைசா செலவு இல்லை.

ரேம்களைக் கலந்து குழப்பிக்கொள்ளாமல் இருக்க இதையும் மனதில் வையுங்கள்: எஸ்.டி. ரேமுக்கு 168 கால்கள். டி.டி.ஆர். ரேமுக்கு 184. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240. ஆனால் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மின்சார அளவும் வேறு. உள்ளே போகாவிட்டால் அழுத்தித் திணிக்காதீர்கள்!

டிஸ்க்கைக் காணோம்!

ஹார்டு டிஸ்க் விஷயத்திலும் இப்படிச் சில சங்கடங்கள் உண்டு.

ஏறத்தாழ 2002ஆம் ஆண்டுக்கு முந்திய போர்டுகள் பல, 137 ஜி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகக் காட்டுவதில்லை. அதற்கு மேல் எண்ண அவற்றுக்குக் கற்பிக்கப்படவில்லை.

தைவான் நாட்டு வியா கம்பெனியின் "வி.டி. 8237" என்ற சில்லு உள்ள போர்டுகள் நம் ஊரிலும் உண்டு. இதில் பிற்கால சாட்டா டிஸ்க்கை இணைத்தால், "டிஸ்க்கே இல்லை" என்று சொல்லும். டிஸ்க் வேகமாகப் பேசுகிறது, சில்லுக்குப் புரிவதில்லை. சில டிஸ்க்குகளின் பின்புறம் இரண்டு கம்பி முனைகளை இணைக்க ஒரு சிறிய தொப்பி போட இடம் இருக்கும். அதைப் போட்டால் டிஸ்க் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உடனே கம்ப்யூட்டரில் தெரியும். ஆகவே, டிஸ்க் தெரியவில்லை என்றால் உடனே அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அதே கம்பெனியின் "686 பி" என்ற சில்லு 2001ஆம் ஆண்டில் பெரும் கூச்சலை உண்டாக்கியது. ஒரு டிஸ்க்கில் இருந்து இன்னொன்றுக்குப் பெரிய அளவில் நகல் எடுக்கும்போது விவரங்கள் கெட்டுப்போயின. ஒரு குறிப்பிட்ட சவுண்டு கார்டும் சேர்ந்திருந்தால் தொல்லை அதிகம். பிறகு திருத்தம் வெளியிட்டுச் சரிசெய்தார்கள்.

மறுபடியும் சறுக்கிய யானை

2011ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் புதிய பிராசஸர்களையும் "பி.67", "எச்.67" என்ற சிப்செட்களையும் வெளியிட்டது. ஒரு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. ஜனவரி 31ந்தேதி இன்டெலே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சிப்செட் வடிவமைப்பில் பிழை!

டிஸ்க் இணைக்கும் ஆறு வாய்களில் நான்கு, நாளடைவில் பலவீனம் அடையும் என்று தெரியவந்தது. முதல் இரண்டு வாய்களில் தொல்லை இல்லை. பழுதுபார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெல் கணக்கிட்டது. விற்பனையில் 30 கோடி டாலர் குறையும் என்றும் சொன்னது.

அதன்பின் திருத்திய சிப்செட்கள் வந்தன. இன்று நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்க்கக்கூடிய "எச்.61" போர்டு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், திருத்தத்துக்குப் பிறகு வந்தது. சாக்கெட் 1155. இதில் இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 பிராசஸர்கள் ஓடும். 2012ஆம் ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறையும் ஓடும். ஆனால் போர்டில் உள்ள "பயாஸ்" என்ற ஆரம்பப் புரோகிராம் பழையதாக இருந்தால் மூன்றாம் தலைமுறை ஓடாது. முதலில் இரண்டாம் தலைமுறை பிராசஸரைப் போட்டு, பயாஸைப் புதுப்பித்து, பிறகு மாற்ற வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கல். இன்டெல் சொந்தப் பெயரில் டெஸ்க்டாப் போர்டு செய்வதை நிறுத்தப்போவதாக 2013ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. பழைய போர்டுகளுக்கான பயாஸ் கோப்புகளை 2019ஆம் ஆண்டு நவம்பரில் தன் தளத்தில் இருந்து எடுத்துவிட்டது. ஆகவே பழைய இன்டெல் போர்டு வாங்குகிறவர், "பிறகு பயாஸை மாற்றிக்கொள்ளலாம்" என்று நம்பி வாங்கக் கூடாது. இப்போது எது ஓடுகிறதோ, அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கதை அதோடு முடியவில்லை. 2015ஆம் ஆண்டு சாக்கெட் 1151 வந்தது. 2017ஆம் ஆண்டு வந்த எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸருக்கும் அதே 1151தான். ஆனால் பழைய 100, 200 வரிசை சிப்செட் போர்டுகளில் அது ஓடாது. 300 வரிசை போர்டு வேண்டும். மறுபடியும் அதே கதை!

விண்டோஸ் 10 போன பிறகு

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ந்தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால், இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விதி. பாதுகாப்புக்காக "டி.பி.எம். 2.0" என்ற வசதியும் போர்டில் இருக்க வேண்டும். அந்தத் தகுதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களைப் பலர் கழித்துவிட இது ஒரு காரணம் ஆயிற்று.

"எப்படியாவது விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று யாராவது ஜி.31, ஜி.41 கம்ப்யூட்டரை உங்களிடம் விற்க வந்தால் யோசியுங்கள். விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் சில புதிய கட்டளைகள் பிராசஸரில் அவசியம் இருக்க வேண்டும். கோர் 2 டுவோவில் அவை இல்லை. குறுக்கு வழியில் போட்டாலும் ஓடாது.

அப்படியானால் பழைய கம்ப்யூட்டர் உபயோகமற்றதா? இல்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகள் பல அதில் ஓடும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ்" என்பதும் ஒரு லினக்ஸ்தான். தமிழ் டைப் அடிக்கவும், பாடம் படிக்கவும், கணக்குப் பழகவும் அது போதும். ஆனால் வாங்கும்போதே அந்த வேலைக்குத்தான் என்று தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்க வேண்டும்.

உப்பிய குமிழ்கள்

பழைய போர்டு வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிராசஸரைச் சுற்றிலும் சிறிய உருளைகள் நிற்கும். அவை கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டை வாங்காதீர்கள்.

2000க்குப் பிந்திய சில ஆண்டுகளில் தயாரான போர்டுகள் பலவற்றில் மட்டமான கெபாசிட்டர்கள் இருந்தன. பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. டெல் கம்பெனி இதற்காக 2005ஆம் ஆண்டில் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. கெபாசிட்டருக்கு வெப்பம் ஆகாது. நம் கரிசல் காட்டு வெயில் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை!

போர்டில் வட்டமான ஒரு சிறு பேட்டரியும் இருக்கும். அது தீர்ந்துவிட்டால் தேதி தப்பாகக் காட்டும். தேதி தப்பானால் பல இணையதளங்கள் திறக்காது. "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்று பயப்பட வேண்டாம். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

சீட்டில் எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு சீட்டில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: போர்டின் கம்பெனிப் பெயரும் முழு மாடல் எண்ணும். போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். கடைசியில் உள்ள எழுத்தையும் திருத்த எண்ணையும் விடாமல் எழுதுங்கள்.

இரண்டு: சிப்செட்டின் பெயர். ஓடும் கம்ப்யூட்டரானால் "சி.பி.யு.-இசட்" என்ற இலவசப் புரோகிராம் காட்டிவிடும்.

மூன்று: இப்போது உள்ள பிராசஸரின் பெயர்.

நான்கு: ரேமின் வகை, அளவு, பட்டையில் உள்ள சில்லுகளின் எண்ணிக்கை.

ஐந்து: பயாஸின் தேதி அல்லது பதிப்பு எண். கம்ப்யூட்டர் தொடங்கும்போது பயாஸ் திரையில் தெரியும்.

போர்டு செய்த கம்பெனியின் இணையதளத்தில், அந்தப் போர்டு ஏற்கும் பிராசஸர்களின் பட்டியல் பெரும்பாலும் இருக்கும். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் செல்போனிலேயே தேடிச் சொல்லிவிடும். பட்டியலில் பெயர் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால், "சாக்கெட் ஒன்றுதானே, ஓடும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. போர்டையும் ரேமையும் செல்போனில் படம் எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "இதற்குப் பொருந்துகிற சாமான் இருக்கிறதா? ஓடாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் கம்ப்யூட்டர் பெட்டியையே எடுத்துச் சென்று, கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். சுமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டாம் முறை பஸ் ஏறுவதைவிட அது லாபம்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ந்தேதி தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கிடைத்தது. பல கிராமத்து வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். லேப்டாப்பில் மாற்றக்கூடிய சாமான்கள் குறைவு. ரேமும் டிஸ்க்கும் பெரும்பாலும் மாற்றலாம். அதற்கும் மாடல் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மிளகாய் விற்ற காசு, பருத்தி விற்ற காசு. பிள்ளை படிக்க வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கிற காசு. துளையில் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து அதைக் கொடுத்துவிடாதீர்கள். சிப்செட்டின் பெயரைக் கேளுங்கள். சீட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பஸ் ஏறுங்கள்.